பச்சரிசி ஏன் வெள்ளையாக இருக்கிறது?

பொங்கல் பரிசுத் தொகுப்பு அறிவிப்பு வெளியானால் முதல் வரியிலேயே பச்சரிசி வந்துவிடும். அப்புறம்தான் சர்க்கரையும் கரும்பும். தமிழ் புதிதாகக் கற்கும் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்தால் அங்கேயே தடுக்கி விழுவார். சொல்லில் பச்சை இருக்கிறது, பைக்குள் இருக்கும் அரிசியோ வெள்ளை. இலங்கைக் கடைகளில் இன்னும் வேடிக்கை. அங்கே 'வெள்ளைப் பச்சை அரிசி' ஒரு விலை, 'சிவப்புப் பச்சை அரிசி' வேறொரு விலை. வாங்குகிறவர் யாரும் குழம்புவதில்லை.

நாமும் குழம்பியதில்லை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சைப் பால் வெண்மை. சூளைக்குப் போகக் காத்திருக்கும் பச்சைக் கல் மண் நிறம். பச்சைக் குழந்தை எந்த நிறத்திலும் இருக்கலாம். பச்சைப் பொய்யை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அன்றாடப் பேச்சில் இடறாத இந்தச் சொல், பசுமைப் பட்டாசு, பசுமை ஹைட்ரஜன், பசுமை இல்ல வாயு என்று செய்தித் தலைப்புகளில் ஏறும்போதுதான் வாசகரைச் சுற்றலில் விடுகிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

## முதலில் வேர்

பச்சை என்பது நிறத்தின் பெயர், மற்றப் பொருள்கள் எல்லாம் உருவகமாக அதன்மேல் பிற்பாடு ஏறியவை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படித் தொடங்கினால் பச்சரிசியிலேயே மாட்டிக்கொள்வோம். வெள்ளை அரிசிக்குப் பச்சை நிறம் எந்த வகையில் உருவகமாகும்?

திருப்பிப் போட்டால் கணக்கு நேராகிறது. பசு, பை, பாசு, பச்சு என்று பல உருவங்களில் வரும் இந்த வேருக்குப் 'புதிய, ஈரம் போகாத, இன்னும் பக்குவப்படாத' என்று பொருள் கொள்ளுங்கள். பள்ளி இலக்கணத்தில் பண்புப்பெயர்ப் புணர்ச்சி படித்தவர்களுக்கு இந்த உருவங்கள் நினைவிருக்கும். பசுமை + தமிழ் பைந்தமிழ் ஆகும், பசுமை + இலை பாசிலை ஆகும். பாசியும் பசலையும் பச்சிலையும் ஒரே குடும்பம். நிலத்தில் புதிதாக, ஈரத்தோடு இருப்பவற்றில் பெரும்பாலானவை இலை, புல், பயிர். அதனால் அவற்றின் நிறத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஆங்கிலத்திலும் கிரீன், கிராஸ், குரோ என்ற மூன்று சொற்களுக்கும் வேர் ஒன்றுதான்.

திருக்குறளிலேயே இரண்டு பொருளும் அருகருகே கிடைக்கின்றன. 16ஆம் குறளில் 'பசும்புல்' வருகிறது. மழைத்துளி விழாவிட்டால் அதன் தலையைக் காண்பதுகூட அரிது என்கிறார். அது நாம் அறிந்த பச்சை. 660ஆம் குறளில் 'பசுமட்கலம்' வருகிறது. வஞ்சனையால் பொருள் சேர்ப்பது அதற்குள் தண்ணீர் ஊற்றி வைப்பது போன்றது என்கிறார். அது பச்சை நிறச் சட்டி அல்ல, சூளையில் வைத்துச் சுடாத சட்டி. ஊற்றிய தண்ணீரும் போகும், சட்டியும் கரையும்.

## எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

ஓரிடத்தில் பச்சை என்பது நிறமா, நிலையா என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். அதன் எதிர்ச்சொல் என்ன என்று கேளுங்கள். எதிரே வந்து நிற்பது இன்னொரு நிறமாக இருந்தால் அது நிறம். பச்சைப் பயறுக்கு எதிரே கறுப்பு உளுந்தை வைக்கலாம். பயறு காய்ந்த தானியம்தான், ஆனாலும் அது பச்சை, ஏனென்றால் அங்கே பேச்சு தோலின் நிறத்தைப் பற்றியது. மற்ற இடங்களில் எதிரே வருபவை வேறு.

1. வெந்தது. நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, அதன் பிறகு அரைத்தால் புழுங்கலரிசி. வேகவைக்காமல் அப்படியே அரைத்தால் பச்சரிசி. அரிசியின் நிறத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, அதனால்தான் இலங்கையில் சிவப்பிலும் பச்சை இருக்கிறது. வெந்நீருக்கு எதிர் பச்சைத் தண்ணீர், காய்ச்சிய பாலுக்கு எதிர் பச்சைப் பால். கொங்கு நாட்டுப் பச்சைப்புளி ரசம் அடுப்பில் ஏறுவதே இல்லை. புளிக்கரைசலில் வெங்காயமும் மிளகாயும் கசக்கிப் போட்டால் ரசம் தயார்.

இதை மிக நுட்பமாகப் பிடித்து வைத்திருப்பது சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள்தான். 'பச்சை வாசனை போக வதக்கவும்' என்ற வரி இல்லாத குறிப்பு அரிது. சட்டியில் இருப்பது வெள்ளைப் பூண்டும் இஞ்சியும் அரைத்த விழுது, கூடவே சிவந்த தக்காளி. இரண்டிலும் பச்சை இல்லை. ஆனால் எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை அதிலிருந்து எழும் காரமான, மூக்கில் ஏறும் நெடிக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தாது.

2. சுட்டது. செங்கல் சூளையில் அறுத்து அடுக்கிய, இன்னும் சுடாத கல் பச்சைக் கல். திடீர் மழையில் பச்சைக் கற்கள் கரைந்தன என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. படத்தைப் பார்த்தால் எல்லாம் செம்மண் நிறமாக இருக்கும். சித்த மருத்துவத்தில் 'பச்சைவெட்டு' என்று ஒரு சொல் உண்டு. முறையாகச் சுத்தி செய்து புடம் போடாத உலோக, பாடாண மருந்தை அப்படிச் சொல்வார்கள். அதைச் சாப்பிட்டால் மருந்தே நஞ்சாகும் என்பதால் அது வைத்தியர்கள் அஞ்சும் சொல்.

3. காய்ந்தது. பச்சை மிளகாய்க்கு எதிர் வற்றல். குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் கிடந்த பச்சை மிளகாய் சிவந்துபோகும், ஆனாலும் அதை எடுத்துக் குழம்பில் கீறிப்போடும்போது பச்சை மிளகாய் என்றுதான் சொல்கிறோம். பச்சை மொச்சை, பச்சைக் கடலை, பச்சை விறகு எல்லாம் இந்த வரிசை. பசுந்தீவனத்துக்கு எதிர் உலர்தீவனம். மனத்தில் ஆழப் பதிந்ததைப் பசுமரத்தாணி என்கிறோமே, அதுவும் இங்கேதான் சேரும். ஈர மரத்தில் ஆணி சுலபமாக இறங்கும், மரம் காயக் காய அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

4. பழுத்தது. பழுப்பு என்ற நிறப்பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இலை பழுத்தால் வரும் நிறம் பழுப்பு. பச்சையும் பழுப்பும் நிறத்துக்கு இடப்பட்ட தனிப் பெயர்களாகத் தோன்றவில்லை, ஓர் இலையின் இளமையும் முதுமையுமாகத் தோன்றுகின்றன. பச்சைக் குழந்தையைப் 'பச்சை மண்ணு' என்று சொல்லும்போது இந்தப் பொருளும் சுடாத மண்ணின் பொருளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

5. ஆறியது. பச்சைப் புண், பச்சை ரணம், பிள்ளை பெற்ற பச்சை உடம்பு.

தீ, வெயில், காலம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று பட்டாக வேண்டும், அது இன்னும் படவில்லை. இந்த ஐந்து வரிசைக்கும் பொது அதுதான்.

பச்சைக் கற்பூரம் மட்டும் இந்தச் சோதனைக்கு அவ்வளவு எளிதாக அடங்காது. எதிரே நிறுத்த வேண்டுமானால் கொளுத்தும் சூடத்தை நிறுத்தலாம், இரண்டுமே வெள்ளை. ஆனால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம். பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சிட்டிகை அளவில் சேர்வது பச்சைக் கற்பூரம். ஆரத்திக்குக் கொளுத்தும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது, வாயில் போடக் கூடாது.

## பக்கத்து வீட்டுச் சாட்சி

இதெல்லாம் நம் வசதிக்கு நாமே செய்துகொண்ட விளக்கமாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கிறது. தமிழ் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருப்பதை அந்த மொழிகள் இரண்டாகப் பிரித்துவிட்டன. தெலுங்கில் நிறத்துக்குப் 'பச்ச', வேகாததற்கும் பழுக்காததற்கும் 'பச்சி'. கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாகிவிடும், பால் ஹாலு ஆவதும் பல் ஹல்லு ஆவதும் அப்படித்தான். எனவே அங்கே நிறத்துக்கு 'ஹசிரு', வேகாததற்கு 'ஹசி'.

ஆக, தமிழில் சந்தேகம் தரும் ஒரு தொடரை எடுத்து, தெலுங்கர் அங்கே எந்தச் சொல்லைப் போடுகிறார் என்று பார்த்தால் தெளிந்துவிடும். பச்சை மிளகாய் தெலுங்கில் பச்சி மிரப்பகாய, நிறம் அல்ல. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி தெலுங்கில் பச்சி பாலிந்த, கன்னடத்தில் ஹசி பாணந்தி. பச்சைப் பொய்? பச்சி அபத்தம். கன்னடத்தில் ஹசி சுள்ளு. நிறத்துக்கான சொல்லை இரண்டு மொழிகளுமே அங்கே தொடவில்லை. இந்த ஒரு சான்றே போதும், பச்சைப் பொய் பச்சை நிறப் பொய் அல்ல என்பதற்கு. மலையாளம் நம்மைப் போல ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது: பச்ச வெள்ளம், பச்சக் கள்ளம்.

## பச்சையாகச் சொன்னால்

பொய்யில் வேகாதது என்ன இருக்கிறது? இங்கே பொருள் ஒரு படி நகர்ந்திருக்கிறது. வேகவைப்பது, வதக்குவது, தாளிப்பது எல்லாம் ஒன்றின் மூல உருவை மாற்றும் வேலைகள். அந்த வேலை எதுவும் நடக்காதது அப்பட்டமாக இருக்கும். பச்சைத் துரோகம், பச்சைப் படுகொலை என்றால் சாக்குப்போக்கு என்ற மசாலாகூடத் தடவாமல் செய்தது. அங்கிருந்து இன்னொரு படி இறங்கினால் பேச்சு. 'பச்சையாகக் கேட்கிறேன், பணம் எவ்வளவு?' என்பதில் வெளிப்படைதான் இருக்கிறது. 'பச்சை பச்சையாகத் திட்டினான்' என்பதில் கொச்சை வந்துவிட்டது. ஆபாசத்தை நீலம் என்பது ஆங்கிலம் வழி வந்த இரவல். தமிழுக்குச் சொந்தமாக இருந்தது பச்சை.

இதே வெளிப்படை நல்ல பக்கமும் திரும்பும். 1954இல் முதலமைச்சரான காமராசரைப் பெரியார் 'பச்சைத் தமிழர்' என்று சொல்லி ஆதரித்தார். கலப்பில்லாத, மேற்பூச்சு இல்லாத தமிழர் என்பது பொருள். பச்சைப் பொய்யையும் பச்சைத் தமிழரையும் இணைப்பது இந்த ஒரு நூல்தான்.

## நிறமாக நிற்கும் இடம்

நிறம் என்று வந்தாலும் பழைய பச்சைக்கு எல்லை இன்றைய வண்ண அட்டைபோல் கறாராக இல்லை.

மஞ்சள் பக்கம் பார்த்தால் பசும்பொன் இருக்கிறது. பொன் பச்சையாக இருக்காது. புதிய, மாற்றுக் குறையாத பொன் என்றும் கொள்ளலாம், மஞ்சளும் ஒரு காலத்தில் இந்தச் சொல்லுக்குள் அடங்கியது என்றும் கொள்ளலாம். தெலுங்கில் மஞ்சளுக்குப் பெயரே பசுப்பு. காதலர் பிரிவால் பெண்ணின் மேனியில் படரும் பசலையைச் சங்கக் கவிதைகள் மஞ்சள் நிறப் பீர்க்கம்பூவோடும் ஒப்பிடுகின்றன, குளத்துப் பாசியோடும் ஒப்பிடுகின்றன. குறுந்தொகை 399இல் பரணர் சொல்லும் காட்சி இது. ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணியில் கை பட்ட இடத்தில் பாசி விலகுகிறது, கையை எடுத்ததும் திரும்பவும் மூடிக்கொள்கிறது. பசலையும் அப்படித்தான், காதலன் தொடத்தொட நீங்குகிறது, விட்டால் பரவுகிறது. பசலையும் பாசியும் ஒரே வேர் என்பதை அறிந்துதான் அவர் அந்த உவமையை எடுத்தாரோ என்று தோன்றும்.

கறுப்பு, நீலம் பக்கமும் எல்லை நீண்டது. கார்மேக வண்ணன் என்று பாடப்படும் திருமாலே பச்சைமாமலை போல் மேனியனாகவும் பாடப்படுகிறார். திருச்செந்தூரில் ஆவணி, மாசித் திருவிழாக்களின்போது சண்முகர் சிவப்பு சாத்தி, வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி வருவார். சிவப்பு சிவனுக்கு, வெள்ளை பிரம்மனுக்கு, பச்சை திருமாலுக்கு. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்பது ஆண்டுதோறும் தலைப்புச் செய்தி. பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. வயலிலும் நாற்று நட்டதும் சில நாள் வெளிறிக் கிடந்து, வேர் பிடித்த பிறகு நிறம் திரும்புவதைப் 'பச்சை பிடித்துவிட்டது' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் நட்டவருக்குத் தூக்கம்.

பச்சை குத்துவது இந்த எல்லை நீட்சியின் நல்ல உதாரணம். பழைய முறையில் அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே ஒரு புதுச்சட்டியைக் கவிழ்த்து அதில் படியும் புகைக்கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. அதாவது உள்ளே போவது கரி, கன்னங்கரேல் என்று இருப்பது. ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் கறுப்பு வெளியே தெரியும்போது, ஒளி தோலில் சிதறுவதால் நீலமும் பச்சையும் கலந்ததுபோல் தெரியும். முன்கையில் ஓடும் சிரைகள் பச்சையாகத் தெரிவதற்கும் ஏறத்தாழ இதுதான் காரணம், உள்ளே ஓடும் ரத்தம் சிவப்பாக இருந்தாலும். பார்த்தவர்கள் பார்த்தபடி பெயர் வைத்தார்கள். தெலுங்கிலும் அது பச்ச பொட்டு, பச்சி அல்ல. ஆகவே இது நிறம்.

கொடி, விளக்கு, மை, கட்சி என்று நவீன காலத்தில் சேர்ந்தவை எல்லாம் குறியீட்டுப் பச்சைகள். ரயிலுக்குக் காட்டிய பச்சைக் கொடி இன்று எந்தத் திட்டத்துக்கும் காட்டப்படுகிறது. பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் கெஜட்டட் அதிகாரி. இலங்கையில் பச்சை என்றால் ஐக்கிய தேசியக் கட்சி. உணவுப் பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். இவற்றில் புதிர் ஒன்றும் இல்லை.

## பச்சையா, பசுமையா?

இலக்கணப்படி பசுமையும் பச்சையும் ஒரே பொருள். வழக்கில் பிரிந்துவிட்டன. பச்சை கையால் தொடும் பொருளுக்கு, பசுமை கருத்துக்கு. 'பசுமையான நினைவுகள்' என்போம், 'பச்சை நினைவுகள்' என்றால் வேறு எதையோ நினைப்பார்கள். ஆங்கிலத்தின் கிரீன் சுற்றுச்சூழல் என்ற பொருளோடு தமிழுக்குள் வந்தபோது பத்திரிகைகள் பசுமையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஆனால் அந்த ஒரே பசுமை இப்போது ஒன்றுக்கொன்று முரணான வேலைகளைச் செய்கிறது.

1. பசுமைப் புரட்சி. 1968இல் அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் இந்தப் பெயரைச் சொன்னபோது, சிவப்புப் புரட்சிக்கு மாற்று என்ற பொருளில்தான் சொன்னார். அது வயலின் பச்சை, விளைச்சலின் பச்சை. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் அதில் அடக்கம். 'பசுமைப் புரட்சி என்றால் இயற்கை விவசாயமா?' என்று இளைய வாசகர் கேட்பதற்கு, பிற்காலத்தில் இந்தச் சொல்மீது ஏறிய சூழலியல் பொருளே காரணம்.

2. பசுமை இல்ல வாயு. இது பூமியைச் சூடாக்கும் வில்லன். பசுமை ஆற்றல் அதற்கு மருந்து. இரண்டுக்கும் முன்னொட்டு ஒன்றே. முதலாவது கண்ணாடிக் குடிலைக் குறிக்கிறது. வெளிநாட்டுக் குளிரில் செடி வளர்க்கக் கட்டும், வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும் குடில். இலங்கைத் தமிழ் இதைப் பச்சை வீட்டு வாயு என்று எழுதுகிறது. கேட்க விநோதமாக இருந்தாலும் குழப்பம் குறைவு.

3. பச்சைத் தேயிலை. நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு விவசாயிகள் போராட்டம் என்றால், அது கடையில் விற்கும் கிரீன் டீ அல்ல. செடியிலிருந்து பறித்த ஈரக் கொழுந்து. சுமார் நாலேகால் கிலோ கொழுந்து ஆலைக்குள் போனால் ஒரு கிலோ தேயிலைத்தூள் வெளியே வரும். கிரீன் டீயோ, நிறம் மாறிவிடாமல் இருக்கப் பறித்த கையோடு சூடு காட்டியது. நிறத்தில் பச்சைதான், ஆனால் தமிழின் பழைய பொருளில் அது பச்சை இல்லை. இந்தச் செய்தியை எழுதுகிறவர்கள் 'பசுந்தேயிலைக் கொழுந்து' என்று போட்டால் சிக்கல் தீரும்.

4. பசும்பால். இதில் வரும் பசு வடமொழிப் பசு, மாடு. பசும்புல்லில் வரும் பசு நம் வேர்ச்சொல். பசும்பால் மாட்டுப் பால், பச்சைப் பால் காய்ச்சாத பால். பசுந்தீவனம் பசுவுக்கான தீவனம் என்ற பொருளில் வந்ததல்ல, பசு அதைத் தின்கிறது என்பது தற்செயல்.

5. பசுமை ஹைட்ரஜன். ஒன்றிய அமைச்சரவை 2023 ஜனவரியில் இதற்கென ஒரு தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் தந்த பிறகு இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஹைட்ரஜன் நிறமற்ற வாயு. எப்படி எடுத்தது என்பதை வைத்து நிறப்பெயர் வைத்திருக்கிறார்கள். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் சாம்பல். அப்போது வெளியாகும் கரியமில வாயுவைப் பிடித்துச் சேமித்தால் நீலம். சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து எடுத்தால் பசுமை.

6. பசுமைப் பட்டாசு. தீபாவளிக்குத் தீபாவளி வரும் குழப்பம் இது. பசுமைப் பட்டாசு என்றால் புகையையும் தூசியையும் குறைக்கும்படி மருந்துக் கலவையை மாற்றிச் செய்த பட்டாசு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் இப்படிப்பட்டவற்றுக்கே அனுமதி என்றது, அதே தீர்ப்பில் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்தது. வாணவேடிக்கையில் பளிச்சென்ற பச்சை ஒளியைத் தருவது வழக்கமாகப் பேரியம்தான். ஆகவே கடையில் 'பசுமைப் பட்டாசு இருக்கா?' என்று கேட்டு, அட்டைப்பெட்டியில் பச்சையாக எரியும் படம் போட்ட மத்தாப்பை எடுத்து வந்தால், தடை செய்யப்பட்ட சரக்கே கையில் இருக்கக்கூடும்.